மீனுக்கும் கறிக்கும் உழைக்கிற கத்தி: வடசென்னையில் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

ஆன்லைனில் ‘வேட்டைக் கத்தி’ என்று தேடினால் படங்கள் வரிசையாக வந்து விழும். முதுகில் ரம்பப் பல், அலகு முழுக்க அலை அலையாக வரி, பிடியில் பித்தளைப் பூண், இடுப்பில் மாட்ட ஒரு தோல் உறை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். அப்படியிருக்க இந்தக் கத்தியை வாங்கி என்ன செய்வது?

செய்ய நிறைய இருக்கிறது. வேட்டைக் கத்திக்கு வேலை தொடங்குவதே விலங்கு விழுந்த பிறகுதான். தோலை உரிக்க வேண்டும், குடலை எடுக்க வேண்டும், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்க வேண்டும். இதே வேலை ஆடு அறுக்கிற புளியந்தோப்பு ஆடுதொட்டியில் நடக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது. பக்ரீத் அன்று ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் வீட்டு வாசலிலேயே குர்பானிக் கறியைப் பிரித்துப் பங்கு போடுகிறார்கள். எண்ணூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கும் பிடித்த மீனை அங்கேயே சுத்தம் செய்ய ஒரு கத்தி வேண்டும். இவர்கள் எல்லாருக்கும் தேவை ஒன்றுதான்: மடங்காத, உறுதியான, கைக்கு அடக்கமான ஒரு கத்தி. முதல் தடவையாக அப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அலகின் பளபளப்பைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கத்தி கெட்டுப்போவது வேறு இடத்தில். முதலில் பிடி ஆடும். அடுத்து, பதம் சரியில்லாத கூர் மழுங்கும், இல்லையென்றால் பொரிந்து உதிரும். அதற்கும் தப்பினால் நம் கடற்காற்று துருவாக வந்து தின்னும். இந்த மூன்றும் கடையில் நிற்கும்போது சட்டென்று கண்ணில் படாதவை. ஆனால் தெரிந்தவர்களுக்கு அங்கேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு.

முதலில் வேலை எது என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கத்தியால் ஆட்டுத் தொடை எலும்பையும் பிளப்பேன், சங்கராவையும் சுத்தம் செய்வேன் என்றால் இரண்டும் ஒழுங்காக நடக்காது. எலும்பைப் பிளக்க வெட்டுக்கத்தி வேண்டும். அதன் கூர் தடியாக இருக்கும், எடைதான் வேலை செய்யும். தோல், சதை, குடல் வேலைக்கு மெல்லிய கூர் வேண்டும். அங்கே கையின் லாவகம்தான் வேலை செய்யும். மெல்லிய கத்தியால் எலும்பில் ஓங்கிப் போட்டால் கூர் பிறை பிறையாக உடையும். வெட்டுக்கத்தியால் தோலை உரிக்கப் போனால் தோலோடு பாதிக் கறி போய்விடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். வஞ்சிரத்தின் தலையையும் நடுமுள்ளையும் மீன் வெட்டுகிற அண்ணனே கட்டையில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். கறிக்கடையிலும் எலும்பைத் துண்டு போட்டுத்தான் தருகிறார்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் வேலை எல்லாம் மெல்லிய கத்தியின் வேலைதான்.

மீனுக்கென்றே வளைந்து கொடுக்கிற ஒல்லியான நீளக் கத்தியும் விற்கிறார்கள். முள் நீக்கி முழுப் பக்கமாகச் சீவி எடுக்கிறவர்களுக்கு அது. நாம் மீனைக் குறுக்கே துண்டு போட்டுச் சமைக்கிறவர்கள். அதனால் அது இல்லாமலே காலம் தள்ளலாம்.

நீளம், அகலம், சட்டம்

அலகு 5 அங்குலம், மிஞ்சிப்போனால் 6. முதுகின் பருமன் இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து மூன்றரை வரை. இதற்கு மேல் தடித்த கத்தி கையில் கம்பீரமாக இருக்கும், கறிக்குள் இறங்க அடம்பிடிக்கும்.

சட்டப்படியும் இந்த அளவு நல்லது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு இருக்கிறது. சின்னக் கத்திதானே என்று அதையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரியாதீர்கள். வாங்கியதும் தடித்த அட்டையில் சுற்றி, பில்லோடு பையின் அடியில் வைத்து, நேரே வீடு போய்ச் சேருங்கள். மெட்ரோ வேண்டாம், நுழைவிலேயே பையை ஸ்கேன் செய்வார்கள். இரவு வண்டிச் சோதனையில் ஒரு பையனிடம் கத்தி இருந்து, அவன் வடசென்னை முகவரியும் சொன்னால், மீன் வெட்டத்தான் வாங்கினேன் என்ற பேச்சு எடுபடாது. இந்தக் கத்தியை நம்பிச் சோறு தின்கிற ஆயிரம் குடும்பம் இருக்கிற ஊரில் இப்படி ஒரு பார்வை இருப்பது வருத்தமான விஷயம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: பில்லை எடுத்து வையுங்கள்.

வடிவம்

அலகின் நுனியைப் பாருங்கள். முதுகுக் கோடு நுனியை நோக்கி மெதுவாகக் கீழிறங்கி, நுனி அலகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து முடிந்தால் அது நமக்கான வடிவம். வயிற்றைக் கீறும்போது நுனி குடலைக் குத்தாது. குடலோ பித்தப்பையோ ஓட்டையானால் மீனும் கசக்கும், கறியும் கெடும். நுனி மேல்நோக்கித் தூக்கி ஊசியாக இருக்கிற கத்திகள் குத்துவதற்குத்தான் சௌகரியம். நம் வேலையில் அவை தொல்லை.

கூர்ப் பக்கம் நுனியை நெருங்கும்போது நன்றாக வளைந்து மேலேற வேண்டும். தோல் உரிப்பதும் சவ்வு எடுப்பதும் அந்த வளைவில்தான் நடக்கிறது. முதுகில் ரம்பப் பல், குடல் கீறுவதற்கென்று ஒரு கொக்கி, இதெல்லாம் இருந்தால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள். கொக்கியின் உள்பக்கத்தைத் தீட்ட சாதாரணக் கல் போகாது. ரம்பப் பல்லில் மீன் சவ்வு மாட்டி நாறும்.

உருக்கு: நம் காற்றுக்கு எது?

கத்தி உருக்கில் இரண்டு குடும்பம். ஒன்று கார்பன் உருக்கு. இன்னொன்று குரோமியம் சேர்த்த ஸ்டெயின்லெஸ். நல்ல கத்தி ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் 13 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும்.

கார்பன் உருக்கு சீக்கிரம் கூரேறும், கல்லில் நாலு தேய் தேய்த்தால் போதும். விலையும் குறைவு. ஆனால் துருப்பிடிக்கும். கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்தாலும் பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பியே பொரிந்து உதிருகிற காற்று நம்முடையது. மீனை வெட்டிவிட்டு ஒரு போன் பேசி முடிப்பதற்குள் கார்பன் கத்தியில் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். வெட்டி முடித்த கையோடு கழுவித் துடைக்கிற பழக்கம் உங்களிடம் இருந்தால் கார்பன் வாங்குங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஸ்டெயின்லெஸ்தான். படகில் கொண்டுபோவதற்கு அதைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. டம்ளரும் சாப்பாட்டுத் தட்டும் செய்கிற ஸ்டெயின்லெஸ் வேறு, கத்திக்கானது வேறு. பாத்திரத்தில் போடுகிற 304 வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அது துருவைத் தாங்கும், ஆனால் எத்தனை காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. அதில் கத்தி செய்தால் இரண்டே நாளில் மழுங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தமே சரிப்படும். கத்திக்கான உருக்கில் காந்தம் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். பாத்திர வகையில் ஒட்டாது, ஒட்டினாலும் வலுவே இருக்காது. கடைக்குப் போகும்போது அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத கத்தியை யோசிக்காமல் கீழே வைக்கலாம். ஒட்டிவிட்டது என்பதற்காக நல்ல கத்தி என்றும் எண்ண வேண்டாம். கெட்டிப்படாத வேறு மலிவு வகைகளிலும் காந்தம் ஒட்டும். அது முதல் வடிகட்டல், அவ்வளவே.

பெட்டியில் உருக்கின் பெயர் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. சுவீடன் மோரா கத்திகளில் வருகிற 12சி27 ஸ்டெயின்லெஸ், கறிக்கடைக்காரர்கள் விரும்பி வாங்குகிற சுவிஸ் விக்டோரினாக்ஸ் கத்திகளில் வருகிற, கார்பன் அரை சதவீதம் உள்ள ஸ்டெயின்லெஸ், இவை இரண்டும் சீக்கிரம் தீட்ட வரும், உப்பையும் தாங்கும். 440சி என்றால் கார்பன் ஒரு சதவீதம் அளவுக்குப் போகும், கூர் இன்னும் நீடிக்கும். டி2 என்ற பெயரை இப்போது எங்கும் பார்க்கலாம். அதில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீத அளவு. கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் மழுங்கிய பிறகு புதியவர் கையால் அதைத் தீட்டி எடுப்பது பெரும்பாடு, உப்புத்தண்ணீரில் துருவும் வரும். முதல் கத்தியாக டி2 வேண்டாம்.

அலை அலையாக வரி ஓடுகிற டமாஸ்கஸ் கத்தி பற்றியும் கேட்பீர்கள். இரண்டு வகை உருக்கை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்தால் அந்த வரி வரும். நல்ல கொல்லர் செய்தால் நல்ல கத்தி. மலிவு விலைக்கு வருவதில் உள்ளே என்ன உருக்கு என்று யாரும் சொல்வதில்லை. சிலவற்றில் வரியே லேசரால் கீறியதாக இருக்கும். ஒரு செய்தி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் போனவை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெருமையோடு மீன் கத்தியைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டறையில் அடித்து வாங்குவதானால்

கடைக் கத்தியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பட்டறைகள் முன்போல் இல்லை; எங்கே இருக்கிறது என்று தெருவில் விசாரிப்பதைவிட, காசிமேட்டில் மீன் வெட்டுகிறவரிடமே கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அவர் கையில் இருப்பதைக் காட்டி “அண்ணே, இது எங்க அடிச்சது?” என்று கேட்டால் பட்டறையைச் சொல்வார், கூடவே எவனிடம் போகக்கூடாது என்பதையும் சொல்வார். நாள் முழுக்கக் கட்டை முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கத்தியைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் கட்டையில் நெருக்கடி குறைவு. பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

பட்டறையில் பெரும்பாலும் லாரிப் பட்டையில்தான் கத்தி அடிப்பார்கள். மணலி ரோட்டிலும் எண்ணூர் ரோட்டிலும் கன்டெய்னர் சுமந்து போகிற லாரிகளுக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கிறதே, அதேதான். சிலிக்கானும் மாங்கனீஸும் சேர்ந்த உருக்கு அது, கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். அடி தாங்கும், சுலபத்தில் முறியாது. வெட்டுக்கத்திக்குப் பிரமாதம், சின்னக் கத்திக்கும் போதுமானது.

கொல்லரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மரியாதையோடு, தெரிந்துகொள்கிற ஆசையோடு கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பட்டை புதுசா, பழசா? வருஷக்கணக்கில் பள்ளத்தில் குதித்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். கத்தியான பிறகு அந்த இடத்தில் உடையும். புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு கிடைத்தால் நூறு, இருநூறு கூடக் கொடுத்தாலும் தகும்.

தோய்ப்பது எண்ணெயிலா, தண்ணீரிலா? அலகைச் செஞ்சூட்டில் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலைக்கு, அதாவது ஏறக்குறைய 770 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுபோய், சட்டென்று குளிரவைத்தால்தான் உருக்கு கெட்டிப்படும். லாரிப் பட்டை எண்ணெயில் தோய்க்கிற வகை. தண்ணீரில் போட்டால் மெல்லிய அலகு கோணிக்கொள்ளும், விரிசலும் விடும்.

தோய்த்த பிறகு திரும்பச் சூடு காட்டுகிறீர்களா? இதுதான் முக்கியமான கேள்வி. தோய்த்த உருக்கு கண்ணாடியைப்போல. கீழே விழுந்தாலே உடையலாம். அதை மறுபடியும் 200 டிகிரி அளவில் இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால்தான் முறுக்கு தணிந்து பதத்துக்கு வரும். அனுபவமுள்ள கொல்லர் தேய்த்து வெளுத்த அலகில் ஏறும் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: வைக்கோல் நிறம் வந்தால் கத்திப் பதம், நீலத்துக்குப் போனால் ஸ்பிரிங் பதம். அந்த வைக்கோல் மஞ்சள் அலகின் மேல் மெல்லப் படர்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். கத்தி என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

பதம் சரியாக வந்ததா என்று பார்க்க அங்கேயே அரம் இருக்கும். கூரை ஒட்டி, ஒரு ஓரத்தில், லேசாக அரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கெட்டிப்பட்டிருக்கிறது. வெண்ணெயாகக் கடித்து இழுத்தால் பதம் ஏறவில்லை. தொழிற்சாலைக் கத்திகளில் இந்தக் கெட்டித்தனத்தை ராக்வெல் சி என்ற அளவில் எழுதியிருப்பார்கள். நம் வேலைக்கு 56 முதல் 60 வரை நல்லது. அதற்குக் கீழே போனால் கூர் மடங்கும். 62, 63 என்றெல்லாம் இருந்தால் கூர் பிரமாதமாக நிற்கும், முள்ளில் மோதினால் சில்லாகப் பொரியும்.

பிடி

அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது. பிடியின் அதே அகலத்தில் கடைசிவரை இரும்பு ஓடி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தால் மேலிருந்து பார்க்கும்போதே நடுவில் இரும்புக் கோடு தெரியும். அது உறுதி. எலி வால் மாதிரி மெல்லிசாக ஒரு கம்பி மட்டும் உள்ளே போய், அதுவும் பாதியில் நின்று, பசையில் ஒட்டியிருந்தால் ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மோரா போன்ற கத்திகளில் இரும்பு பிடிக்குள் முழுக்கப் போவதில்லை. ஆனால் அதைச் சுற்றியே பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்திருப்பதால் இடைவெளியே கிடையாது. மீன் வேலைக்கு அதுதான் இன்னும் சுத்தம் என்பேன். ரிவிட் அடித்த கட்டைப் பிடியில் இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து இருந்தால் போதும்; ரத்தமும் செதிலும் அதில் போய்த் தங்கி, உள்ளேயே துருவும் அழுகலும் ஆரம்பித்துவிடும். வெளியே கத்தி பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு இற்றுக்கொண்டிருக்கும். ஆகவே கட்டைப் பிடி என்றால் நகத்தை வைத்து ஓரம் முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கேயும் தட்டக்கூடாது. ரிவிட் தலைகள் கட்டையோடு மட்டமாக இருக்க வேண்டும்.

பட்டறைக் கத்திக்குத் தேக்கோ வேம்போ வைக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து ஆளி விதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை ஊறவிடுங்கள். கட்டை தண்ணீர் குடிப்பது குறையும்.

அப்புறம் வழுக்கல். கடையில் உலர்ந்த கையால் பிடித்தால் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் ஒரு கை தண்ணீர் கேட்டு, கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். சுறா, திருக்கை என்று வழவழப்போடு மல்லுக்கட்டும்போது கை முன்னால் நழுவி அலகின் மேல் போவதுதான் பெரிய விபத்து. விரல் வந்து முட்டி நிற்க, அலகு தொடங்கும் இடத்தில் பிடியில் ஒரு மேடு கட்டாயம் வேண்டும். இந்த மேடு இல்லாத கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் மீனுக்கு வேண்டாம். முழுக்க வழுவழுவென்று பாலிஷ் போட்ட பிடியையும் தவிருங்கள். பிடியைச் சுற்றிக் கை மடங்கும்போது விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பருமன் சரி.

காசு கொடுப்பதற்கு முன்

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் பத்துக் கத்தியை எடுத்து முன்னால் போடுவார்கள். அவசரப்படாதீர்கள், ஒரே மாடலிலேயே ஒன்று நேராக இருக்கும், ஒன்று கோணியிருக்கும். கத்தியைக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பிடித்து முதுகு வழியாக நுனி வரை பாருங்கள். இடது வலது சாய்வு இருக்கக்கூடாது. அதை அப்படியே திருப்பி, கூரை மேல் நோக்கி வைத்து விளக்கு வெளிச்சத்தில் அசையுங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. இருட்டுக் கோடாகத்தான் தெரியும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. மழுங்கலைத் தீட்டிக்கொள்ளலாம், உடைசல் இருந்தால் வேறு எடுங்கள்.

அடுத்து, கூருக்குச் சற்று மேலே விரல்களால் இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்து பருமனைப் பாருங்கள். முதுகிலிருந்து கூர் வரை படிப்படியாக மெலிந்து வர வேண்டும். கடைசி வரை தடியாக வந்து கூரில் மட்டும் சட்டென்று சாய்த்துத் தீட்டியிருந்தால், அது எத்தனை தீட்டினாலும் வெட்டாது. காந்தம், நகம், ஈரக்கை மூன்றையும் முடித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

தீட்டுவது

நல்ல கத்தி வாங்கிக் கல் வாங்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு பக்கக் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு, ஒன்று வாங்கிவிடுங்கள். கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் தொழிற்சாலை நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. அவர்களுடைய தீட்டுக்கல் ஊரெங்கும் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

கல்லை ஈரத்துணி மேல் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் தெளித்து, சொரசொரப்புப் பக்கத்தில் தொடங்குங்கள். சாய்வுதான் எல்லாம். ஒரு அங்குல அகலமுள்ள அலகில், முதுகைக் கல்லிலிருந்து ஒரு பென்சில் பருமனுக்குத் தூக்கினால் ஏறக்குறைய 16 டிகிரி வரும். சதைக்கும் தோலுக்கும் அது போதும். முள் அடிக்கடி மோதும் என்றால் இன்னும் கொஞ்சம் தூக்கி 20 டிகிரியாக்குங்கள். அந்தச் சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக, ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் விரலால் முதுகிலிருந்து கூரை நோக்கித் தடவினால் பிசிறு தட்டும். நுனி வரை பிசிறு வந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். பிசிறு வராமல் மாற்றி மாற்றித் தேய்ப்பதால்தான் பலருக்கும் கூர் ஏறுவதில்லை. இரண்டு பக்கமும் வந்ததும் நைசுப் பக்கத்தில் அழுத்தாமல் தேய்த்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும். தக்காளியின் தோலை அழுத்தாமல் கீறினால் வேலை முடிந்தது.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தில் மெல்லிய கூர் நொடியில் சூடேறும். கூரில் நீலம் பாய்ந்துவிட்டால் சூடு 300 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று அர்த்தம். கொல்லர் வைத்த பதம் அந்த இடத்தில் போச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்ரீத்துக்கு முந்தைய நாள் வரிசையில் நிற்கும்போது அவருக்கு அவசரம் இருக்கும். ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுவது நல்லது.

வைத்துக்கொள்வது

வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, பிடியும் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள். சிங்க்கில் ஊறப்போடக்கூடாது. கார்பன் கத்தி என்றால் துடைத்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய். தினமும் புழங்குகிற கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் அது சிக்குப் பிடித்து நாறும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் தடவுங்கள். புளியும் எலுமிச்சையும் பட்டுக் கார்பன் அலகு சாம்பல் நிறமாகக் கறுத்தால் பதற வேண்டாம். அந்தக் கறுப்புப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வீண் வேலை.

தோல் உறையில் போட்டே வைத்திருப்பது கூடாது. தோல் நம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். உறை கொண்டுபோகிற நேரத்துக்கு மட்டும். வீட்டில் துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். வெட்டுகிற பலகை மரமாகவே இருக்கட்டும். கறிக்கடைக்காரர் புளியங்கட்டையை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சமையல் மேடை கிரானைட்டில் ஒரே ஒரு தடவை வைத்து வெட்டினாலும் கூர் போய்விடும்.

புதுக் கத்தியை முதல் வாரம் கவனித்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தடவை மீன் வெட்டிய பிறகும் கூரை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் அடுத்த முறை தீட்டும்போது முதுகைக் கூடுதலாகத் தூக்குங்கள். அதன் பிறகும் மடங்கினால் பதம் குறைவு. சின்னச் சின்னப் பொரிசல் தெரிந்தால் அந்த அளவுக்குக் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள். தொழிற்சாலையில் அதிகம் சூடேறிய மேல் விளிம்பு போனதும் பல கத்திகள் சரியாகிவிடும். மறுபடியும் பொரிந்தால் பட்டறைக் கத்தியைக் கொல்லரிடமே கொண்டுபோங்கள், திரும்பச் சூடு காட்டிப் பதத்தை இறக்கித் தருவார். கடைக் கத்தி என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.